படிப்பும் வயதும் நம்பிக்கையும்: யாருடைய சொல் அம்பலம் ஏறுகிறது?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு நடந்த தொகுதி தருமபுரி: 81.20 சதவீதம். மிகக் குறைவு மத்திய சென்னை: 53.96 சதவீதம். இவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி. ஏறத்தாழ 68 சதவீதம். சென்னையில் அது 90 சதவீதம். படிப்பு அதிகமுள்ள ஊரில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர்தான் வாக்களித்தார்கள். படிப்பு குறைந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேர் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு, படித்தவர்களுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. நகரத்து வாக்காளர் பட்டியல்களில் வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடங்களில் பெயர் உள்ளவர்கள், இறந்தும் பெயர் நீக்கப்படாதவர்கள் ஏராளம். அவர்கள் கணக்கில் இருப்பதாலேயே சதவீதம் கீழே இறங்கும். மேலும், ஒரு மாவட்டத்தின் சராசரி அந்த மாவட்டத்துத் தனி மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லாது. இத்தனையும் கழித்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. படிப்பு ஏறினால் குடிமக்களின் பங்கேற்பும் ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையும் கூடவே ஏறும் என்று நாம் எல்லோரும் எதை வைத்து நம்புகிறோம்?

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பணக்கார நாடுகள் பலவற்றில், 16 முதல் 65 வயது வரையிலானவர்களின் வாசிப்பு, கணக்கு, சிக்கலைத் தீர்க்கும் திறன் ஆகியவற்றை வீட்டுக்கே சென்று சோதிக்கும் பெரிய ஆய்வு ஒன்றைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்துகிறது. முதல் முடிவுகள் 2013-இலும், இரண்டாம் சுற்றின் முடிவுகள் 31 நாடுகளையும் பொருளாதாரங்களையும் சேர்த்து 2024 டிசம்பரிலும் வந்தன. இந்தியா இதில் இல்லை. திறன் சோதனையோடு வேறு சில கேள்விகளும் அதில் கேட்கப்பட்டன. முழுமையாக நம்பத்தக்கவர்கள் மிகச் சிலரே என்று நினைக்கிறீர்களா? அரசு செய்யும் காரியங்களில் உங்களைப் போன்றவர்களின் பேச்சு எடுபடுமா? தொண்டு வேலை எதிலாவது ஈடுபடுகிறீர்களா? வாசிப்புத் திறனில் அடி மட்டத்தில் இருப்பவர்கள் பிறரை நம்புவதும் குறைவு, தங்கள் சொல் எடுபடும் என்று எண்ணுவதும் குறைவு, தொண்டு செய்வதும் குறைவு என்பது பெரும்பாலான நாடுகளில் தெரியவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு சான்றிதழை மட்டும் பார்க்காமல் திறனையும் அளந்தது. நம் நாட்டில் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரியது. கிராமப்புறத்து 14 முதல் 18 வயதினரைப் பற்றிய 2023 ஆண்டின் ‘அசர்’ கல்வி நிலை அறிக்கை, அவர்களில் 86.8 சதவீதம் பேர் ஏதோவொரு கல்வி நிறுவனத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னது. அதே அறிக்கைதான், கால்வாசிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வட்டார மொழியில் தடையின்றிப் படிக்க முடியவில்லை என்றும் சொன்னது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து ஒருவரின் பொறுப்புணர்வை அளக்கப் போனால், அது வாசிக்கத் தெரியுமா என்பதைக்கூடச் சரியாக அளப்பதில்லை.

ஆனால் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம்பிக்கை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல சரக்குகள் இருக்கின்றன. முன்பின் தெரியாத மனிதரை நம்புவது ஒன்று. அரசு அலுவலகத்தை, காவல் நிலையத்தை, நீதிமன்றத்தை நம்புவது இன்னொன்று. வாக்களிப்பது, கூட்டத்துக்குப் போவது, எழுந்து நின்று கேட்பது ஆகியவை செயல்கள். இந்த இரண்டு நம்பிக்கைகளும் இல்லாமலேகூட அவை நடக்கும். படிப்பு இவை ஒவ்வொன்றோடும் வெவ்வேறு விதமாக உறவு கொள்கிறது.

அலுவலகங்களின் மீதான நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். ஆர்மென் ஹக்வெர்டியன், குவின்டன் மேய்ன் இருவரும் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஊழல் குறைந்த நாடுகளில் படிப்பு ஏற ஏற அரசமைப்புகள் மீதான நம்பிக்கை ஏறுகிறது. ஊழல் மிகுந்த நாடுகளில் படிப்பு ஏற ஏற அது இறங்குகிறது. காரணம் எளிது. படிப்பு கண்ணைத் திறக்கிறது. திறந்த கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். நிக்கோலஸ் சாரன், போ ராத்ஸ்டைன் ஆகியோர் 2016-இல் சக மனிதர்கள் மீதான நம்பிக்கையைப் பற்றியும் இதையே சொன்னார்கள். அதிகாரிகள் ஆள் பார்த்து நடத்தாத இடங்களில்தான் கல்வி மனிதர்கள் மீதான நம்பிக்கையைக் கூட்டுகிறது.

செயலிலும் இதே கதைதான். ஜிம்பாப்வே 1980-இல் விடுதலை பெற்றபின், அதுவரை கறுப்பின மாணவர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன. அந்த வாய்ப்பில் கூடுதலாகப் படித்தவர்கள் பிற்காலத்தில் அரசியலில் குறைவாகவே பங்கெடுத்தார்கள் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை அவர்களின் அலட்சியம் என்று கொள்ள முடியாது. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்ட தேர்தலுக்குப் போய் அதற்கு மரியாதை சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் தெரிந்தே ஒதுங்கினார்கள்.

அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒப்பிட்டு மில்லிகன், மொரெட்டி, ஓரியோபோலஸ் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. கட்டாயக் கல்விச் சட்டங்களால் கூடுதலாகப் பள்ளியில் இருந்தவர்கள் அமெரிக்காவில் கூடுதலாக வாக்களித்தார்கள். பிரிட்டனில் அந்த விளைவு இல்லை. அமெரிக்காவில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது குடிமகனின் தலைவலி. பிரிட்டனில் அலுவலர்களே வீடு வீடாகப் படிவம் அனுப்பிப் பெயர் சேர்த்தார்கள். படிவம், காலக்கெடு, முகவரிச் சான்று என்று தடைகள் கூடும் இடத்தில் படித்தவர் தாண்டிவிடுகிறார், படிக்காதவர் நின்றுவிடுகிறார். தடையை எடுத்துவிட்டால் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். படித்தவரின் குடிமைப் பண்பு என்று நாம் மெச்சுவதில் ஒரு பங்கு, படிவம் நிரப்பும் சாமர்த்தியம். இந்தியாவில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் தெருவுக்கே வருகிறார். வாக்குச்சாவடி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. சின்னம் பார்த்து அமுக்கினால் போதும். தருமபுரியின் வரிசைக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

படித்தவர்தான் பொதுக்காரியத்துக்குத் தகுதியானவர் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதி எது என்று வரிசையாகச் சொல்கிறது. 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. கல்வி கூடுதலாக இருந்தால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகையும் உண்டு. அது பிராமணர் ஊரின் சபை. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமே கிடையாது என்பதை மறந்து அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது தவறு. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் போடப்படக் கூடாது. வேதம் படித்தவரானாலும் கணக்குக் காட்டினால்தான் நம்பிக்கை என்பது அந்தச் சபைக்கே தெரிந்திருந்தது.

ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து முதல் பாதியை மட்டும் நாம் திரும்ப எடுத்துக்கொண்டோம். 2014 டிசம்பரில் ராஜஸ்தான், ஊராட்சித் தலைவராகப் போட்டியிட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டது. 2015-இல் ஹரியாணா, பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு, ஊராட்சி உறுப்பினராகப் போட்டியிடும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஐந்தாம் வகுப்பு என்று விதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜ்பாலா வழக்கில் இதைச் சரி என்றது. நல்லது கெட்டதைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வி மட்டுமே தருகிறது என்பது தீர்ப்பின் வாதங்களில் ஒன்று. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போட்டியிட இன்றுவரை எந்தப் படிப்பும் தேவையில்லை. சாலை போட, குழாய் பதிக்க, தெருவிளக்கு மாற்றத் தலைவராக வருபவருக்கு மட்டும் சான்றிதழ் கேட்கிறோம். பள்ளியை ஊருக்குக் கொண்டுவராதது அரசின் குறை. அதற்கான தண்டனை அந்தப் பள்ளிக்குப் போக முடியாமல் போன ஐம்பது வயதுப் பெண்ணுக்கு. இந்தச் சட்டங்கள் அநீதியானவை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ராஜஸ்தான் 2019-இல் தன் விதியை நீக்கிவிட்டது.

சரி, படிப்பு குறைந்தவர்கள் பொதுச்சபையில் என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் இதைப் பார்க்கச் சிறந்த இடம் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டு, இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ பந்தல் போட்டிருக்கும். முதலில் சுற்றி வருவது வருகைப் பதிவேடு. கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். குறைவெண் வரம்பு நிரம்ப வேண்டுமே என்ற கவலை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் பெரும்பாலும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் படிக்கிறார். படிவம் 30 என்னும் செலவுச் சுருக்கத்தைப் பதாகையில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது விதி. மின்மோட்டார் பழுது, பைப் லைன், பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு என்று அதில் வரிசையாகத் தொகைகள். அந்தப் பதாகை முன்னால் நின்று, எங்கள் தெருவுக்கு எந்த விளக்கு வந்தது என்று கேட்க வாசிப்பு வேண்டும், கொஞ்சம் கூட்டல் கழித்தல் வேண்டும். அதைவிட அதிகமாக, கேட்டாலும் நாளைக்கு வேலை அட்டையில் பெயர் இருக்கும் என்ற தைரியம் வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கி ஆராய்ந்த ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசுவாமி ஆகியோரின் 2019 ஆய்வு, பெண்கள் சபைக்கு வந்தாலும் குறைவாகவே பேசுகிறார்கள் என்றது. அவர்கள் எழுப்பும் பொருள் விவாதமாவதும், அதற்குப் பொருத்தமான பதில் கிடைப்பதும் ஆண்களைவிடக் குறைவு. தலைவர் பெண்ணாக இருக்கும் இடங்களில் பெண்களுக்குப் பதில் கிடைப்பது கூடுகிறது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பழமொழி சொல்வதை இந்த ஆய்வு எண்ணிக் காட்டிவிட்டது. அம்பலத்தில் உட்கார்ந்திருப்பவர் மாறினால் ஏறும் என்பதையும் சேர்த்து. இதே ராவ், பரோமிதா சன்யாலுடன் சேர்ந்து தென்மாநிலங்களின் ஏறத்தாழ 300 கிராம சபைக் கூட்டங்களின் பேச்சை முன்னர் ஆராய்ந்திருக்கிறார். அரசின் கொள்கை சபைக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அதைப் பொறுத்து மக்களின் பேச்சுத் தரம் மாறுகிறது என்பது அதன் சாரம்.

வாசிப்புத் திறன் நேரடியாகக் குடிமைச் செயலாக மாறிய காலமும் தமிழ்நாட்டில் உண்டு. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாலையில் வேலை முடிந்து வந்த பெண்களுக்குத் தொண்டர்கள் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இயக்கம் எழுத்தோடு நிற்கவில்லை. சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கேலியும் ஏச்சும் வந்தன. ஆனாலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று அப்போது எழுதினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே பிடித்தும் போனது. பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருந்த பெண், தண்ணீருக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் தானே போய் வந்தாள். கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையையே எடுத்தார்கள். எத்தனை லோடு போனது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு அவர்கள் கையிலேயே இருந்தது.

புதுக்கோட்டையில் நடந்ததை எழுத்தறிவு விகிதத்தில் ஒரு கோடாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எழுத்து, போக்குவரத்து, கூலி, கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்ததால் கற்றது உடனே பயன்பட்டது. முன்பின் அறியாத பெண்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் குழுவில் பணம் போட்டார்கள். கற்ற எழுத்துக்கு வேலை இல்லாத ஊர்களில், புதிதாகப் படித்தவர்கள் சில ஆண்டுகளில் அதை மறந்ததும் இதே காரணத்தால்தான்.

படிப்பு தொடாத இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1996-இல் பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து ஆண்டுகள் உருப்படியாகத் தேர்தல் நடக்க விடவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராமல் தடுத்தார்கள். வென்றவரை உடனே பதவி விலக வைத்தார்கள். மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்களில் ஒரு சாதிக்குள் நம்பிக்கைக்குக் குறைவில்லை. ஒரு சொல்லில் ஊரே கட்டுப்பட்டது. அந்த உள்நம்பிக்கைதான் அடுத்த தெருவை வெளியே நிறுத்தியது. சமூக நம்பிக்கை நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது, யார் யாரை நம்புகிறார்கள் என்று கேட்க வேண்டியது இதனால்தான். 2006-இல் அந்த ஊர்களில் தேர்தல் நடந்தது மாவட்ட நிர்வாகமும் இயக்கங்களும் விடாமல் உழைத்ததால்.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் தெளிவு குறைவு. மூத்தவர்கள் இளையவர்களைவிடக் கூடுதலாக நம்புகிறார்கள் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பதிவான விஷயம். வயது ஏற ஏற நம்பிக்கை ஏறுகிறதா, நம்பிக்கை மிகுந்த காலத்தில் வளர்ந்தவர்கள் இப்போது மூத்தவர்களாக இருக்கிறார்களா என்று பிரித்தறிவது கடினம். பெரும்பாலான மனிதர்களை நம்பலாம் என்று சொன்ன அமெரிக்கர்கள் 1972-இல் 46 சதவீதம். 2018-இல் 34 சதவீதம். இதே இடைவெளியில் அங்கே பட்டதாரிகளின் பங்கு ஏறத்தாழ மூன்று மடங்கானது. படித்தவர் படிக்காதவரைவிடக் கூடுதலாக நம்புகிறார் என்பதும் உண்மை, நாடே கூடுதலாகப் படித்தபோது நம்பிக்கை குறைந்தது என்பதும் உண்மை. படிப்பு தந்த நம்பிக்கையில் ஒரு பகுதி, மற்றவர்களைவிட நல்ல இடத்தில் இருக்கிறோம் என்ற நிம்மதியாக இருந்திருக்கலாம். எல்லோரும் பட்டம் வாங்கும்போது அந்த இடம் எல்லோருக்கும் இருக்காது. உயர்கல்விச் சேர்க்கை 2021-22-இல் 47 சதவீதத்தைத் தொட்ட தமிழ்நாடு இதை யோசிக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிள்ளை திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறான்; பெயர் ஊர்ப் பட்டியலில், வாழ்க்கை வாடகை அறையில். அவனுக்கு இரண்டு ஊர் சபையிலும் நாற்காலி இல்லை. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்த முகவரிச் சிக்கலைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

இப்போது நான் கூர்ந்து கவனிக்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பல ஆண்டுகள் காகிதத்தில் கிடந்த இந்தக் குழுக்களைத் தமிழ்நாடு 2022-இல் அரசுப் பள்ளிகளில் கூட்டங்கள் நடத்திப் புதிதாக அமைத்தது. தலைவர் ஒரு மாணவரின் தாய். 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தது. ஐந்தாவதோடு நின்ற தாய், பட்டம் பெற்ற தலைமையாசிரியர், அதே பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் இளைஞர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்காரும் ஏற்பாடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஒரு மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் நன்றாக நடக்கின்றன என்று யாராவது சொன்னால், உறுப்பினர்களின் கல்வித் தகுதிப் பட்டியலை நான் கேட்கமாட்டேன். தீர்மானப் பதிவேட்டை வாங்கி, போன மாதம் தாய்மார்கள் கேட்ட கழிப்பறைக் கதவுக்கு இந்த மாதம் என்ன பதில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன்.